செயல் ஆராய்ச்சியால் வகுப்பறை மாறுமா, இல்லை கோப்புதான் தடிக்குமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வருகிறது: தலைமை ஆசிரியர் பொறுப்புக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள், ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு செயல் ஆராய்ச்சி (தன் வேலையில் ஒன்றை மாற்றிப் பார்த்து, என்ன ஆனது என்று தானே ஆராய்வது) செய்து அறிக்கை தர வேண்டும் என்று மேலிருந்து சொல்லிவிட்டார்கள், அதை எப்படித் தொடங்குவது, எத்தனை மாணவர்களை எடுத்தால் செல்லுபடியாகும், புள்ளியியல் கணக்கு கட்டாயமா. ஆனால் கடைசி வரியில் "இதனால் நிஜமாகவே ஏதாவது மாறுமா சார்" என்று சேர்த்திருக்கிறீர்களே, கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் கிடைத்தால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

மாறும். ஆனால் பெரும்பாலான பள்ளிகளில் நடக்கிற மாதிரி நடந்தால் மாறாது. ஆய்வு செய்யப்படும் பொருள் ஆசிரியர் தினமும் செய்கிற ஏதோ ஒரு காரியமாக இருக்க வேண்டும், அதைவிட முக்கியமாக, முதல் ஆய்வைத் தலைமை ஆசிரியர் தன்மேலேயே செய்துகொள்ள வேண்டும். இரண்டாவதைத்தான் யாரும் சொல்வதில்லை, அதனால் அதற்கு இங்கே கூடுதல் இடம் கொடுக்கப் போகிறேன். நான் நடுநிலை வகுப்புகளில் கணிதம் எடுத்தவன், பிறகு ஆசிரியர்களின் ஆய்வுகளுக்கு வழிகாட்டும் வேலைக்கு வந்தவன். ஆகவே நான் சொல்வது 10 முதல் 15 வயதுப் பிள்ளைகளின் வகுப்புகளுக்கு நன்றாகப் பொருந்தும். எழுதப் படிக்கத் தொடங்கும் குழந்தைகளின் வகுப்புக்கு அப்படியே தூக்கி வைக்காதீர்கள்.

கொஞ்சம் வரலாறு தேவைப்படுகிறது, ஏனென்றால் "எத்தனை மாணவர்கள்" என்ற கேள்வியின் வேர் அங்கேதான் இருக்கிறது. இந்த முறைக்கு உருவம் கொடுத்தவர் குர்ட் லெவின் என்ற சமூக உளவியலாளர். ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் போனவர். 1946இல் அவர் இதைப் பற்றி எழுதியபோது மனதில் இருந்தது பள்ளிக்கூடம் இல்லை, சிறுபான்மையினர் மீதான பாகுபாட்டை எப்படிக் குறைப்பது என்பதுதான். திட்டமிடு, செய், என்ன ஆனது என்று பார், அதை வைத்துத் திரும்பத் திட்டமிடு என்ற சுழற்சி அவர் கொடுத்தது. 1953 வாக்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த ஸ்டீபன் கோரி அதைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தார். கொஞ்ச காலத்திலேயே அங்கே அது மங்கியது. ஆய்வுக்கு எடுத்த மாணவர் எண்ணிக்கை போதாது, ஒப்பிட்டுப் பார்க்க மாற்றம் எதுவும் செய்யாத இன்னொரு குழு இல்லை, இதெல்லாம் அறிவியலா என்ற விமர்சனம்தான் காரணங்களில் பெரியது. அதாவது, சோதனைக்கூட ஆய்வின் அளவுகோலை வைத்து இதை அளந்தார்கள், அது தோற்றது. இன்றைக்கும் அறிக்கைப் படிவங்களில் "மாதிரியின் அளவு" (எத்தனை மாணவர்கள்), "கருதுகோள்" (முன்கூட்டியே ஊகிக்கும் விடை) என்று கட்டங்கள் இருப்பது அந்தப் பழைய பயத்தின் மிச்சம்.

அதற்கு இரண்டாவது உயிர் கொடுத்தவர் இங்கிலாந்தின் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ். 1967இல் தொடங்கிய ஒரு பாடத்திட்டத் திட்டத்தில், போர், வறுமை, இன உறவு மாதிரி சர்ச்சைக்குரிய விஷயங்களை வகுப்பில் விவாதிக்கும்போது ஆசிரியர் தன் கருத்தைத் திணிக்காமல் நடுநிலையான தலைவராக இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. கேட்க எளிது. செய்து பார்த்தால், தலையாட்டுவது, "ம், நல்லது" என்று ஒருவரை மட்டும் பாராட்டுவது, ஒருவரைப் பாதியில் நிறுத்துவது என்று ஆசிரியரின் சாய்வு வெளியே வந்துகொண்டே இருக்கும், அவருக்கே தெரியாமல். தன்னைத் தானே பதிவு செய்து கேட்காத ஆசிரியரால் அதைச் சரிசெய்யவே முடியாது. ஆசிரியரே ஆய்வாளர் என்ற கருத்து ஸ்டென்ஹவுஸுக்கு இந்த மாதிரி நடைமுறைச் சிக்கலோடு சேர்ந்துதான் வளர்ந்தது. அவருடன் வேலை செய்த ஜான் எலியட் அதை மேலே கொண்டுபோனார், 1980களில் ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் கெம்மிஸும் ராபின் மக்டாகர்ட்டும் அதைச் சுருள் படமாக வரைந்தார்கள். பயிற்சிக் கையேடுகளில் நீங்கள் பார்க்கிற அந்தச் சுருள் அவர்கள் வழியாகத்தான் பரவியது. படம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்தது, பதிவைக் கேட்கும் பழக்கம் போய்ச் சேரவில்லை.

இப்போது வழக்கமான அறிக்கை எப்படி இருக்கும் என்று பாருங்கள். தலைப்பு: "செயல்பாட்டு அட்டைகள் மூலம் 7ஆம் வகுப்பு மாணவர்களின் பின்னக் கணக்குத் திறனை மேம்படுத்துதல்." முன்தேர்வில் சராசரி 42, மூன்று வாரம் அட்டைகள், பின்தேர்வில் 71, ஒரு பட்டை வரைபடம், "இதன்மூலம் அட்டைகள் பயனுள்ளவை என்று நிரூபிக்கப்பட்டது" என்ற வரி. என் மேசைக்கு வந்த இந்த வகை அறிக்கைகளில் தோல்வியில் முடிந்ததை நான் பார்த்ததே கிடையாது. அதுவே சந்தேகப்பட வைக்க வேண்டும் இல்லையா? தலைப்பிலேயே விடை இருக்கிறது, அப்புறம் என்ன ஆய்வு.

மதிப்பெண் உண்மையிலேயே ஏறியிருக்கலாம், பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அட்டையால்தான் ஏறியது என்று சொல்ல வழியே இல்லை. அந்த மூன்று வாரத்தில் வழக்கமான பாடமும் நடந்தது, பின்தேர்வின் கேள்விகள் முன்தேர்வை ஒத்திருந்தன, தங்களை ஆசிரியர் விசேஷமாகக் கவனிக்கிறார் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. இன்னொன்று பலருக்குத் தெரியாது: முதல் தேர்வில் மிகக் குறைவாக வாங்கிய பத்துப் பேரை மட்டும் தேர்ந்தெடுத்தால், நீங்கள் எதுவுமே செய்யாவிட்டாலும் அடுத்த தேர்வில் அவர்களுடைய சராசரி கொஞ்சம் ஏறித்தான் வரும். ஏனென்றால் அந்தப் பத்துப் பேரில் சிலர் அன்றைக்குக் காய்ச்சலோடு எழுதியவர்கள், சிலர் கேள்வியைத் தவறாகப் படித்தவர்கள், அவர்கள் தங்கள் வழக்கமான இடத்துக்குத் திரும்புவார்கள். "மெல்லக் கற்போர்" என்று பிரித்து எடுத்துச் செய்யும் ஆய்வுகள் எல்லாவற்றிலும் இந்த ஏற்றம் இலவசமாகக் கிடைக்கிறது.

ஆகவே கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். பின்னக் கணக்கில் ஒரு பிள்ளை தப்பான விடை சொன்னால், அடுத்த ஐந்து நொடியில் நான் என்ன செய்கிறேன்? இது ஆய்வுக்கேற்ற கேள்வி. விடை எனக்கே தெரியாது, ஒரு வாரத்தில் தெரிந்துகொள்ளலாம், தெரிந்தால் மாற்றிக்கொள்ள என் கையில் அதிகாரம் இருக்கிறது. போனில் ஒலிப்பதிவு போட்டுவிட்டு இரண்டு மூன்று பாடவேளைகளைக் கேட்டால் போதும். பெரும்பாலானவர்கள் கண்டுபிடிப்பது: தப்பு வந்ததும் "வேற யாரு?" என்று தெரிந்த பிள்ளையிடம் தாவிவிடுகிறோம். தப்பாகச் சொன்ன பிள்ளை எங்கே தடுக்கினான் என்பது யாருக்கும் தெரியாமலே பாடம் முன்னேறிவிடுகிறது.

இதோடு தொடர்புள்ள, நான் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரு விஷயம் உண்டு. 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் தொடக்கப்பள்ளி அறிவியல் வகுப்புகளின் பதிவுகளை அலசினார். கேள்வி கேட்டபின் ஆசிரியர் காத்திருந்தது சராசரியாக ஒரு நொடி அளவுதான். அதை மூன்று நொடிக்கும் மேலாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, அதிகம் பேசாத பிள்ளைகள் பேசினார்கள், பதிலே வராமல் போவது குறைந்தது. இன்னொன்றும் சொன்னார்: பிள்ளை பதில் சொல்லி முடித்த பிறகு ஆசிரியர் வாயை மூடிக்கொண்டிருக்கும் இரண்டாவது இடைவெளியும் அதே அளவு முக்கியம். எனக்குத் தெரிந்து ஆசிரியர்களுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம், "சரி" என்ற சொல் தானாக வாயில் வந்து விழும். செலவே இல்லாத, அளக்கக்கூடிய, வெளியே ஏற்கெனவே ஆதாரம் உள்ள ஒன்றோடு தொடங்க விரும்பினால் இதைவிட நல்ல முதல் ஆய்வு எனக்குத் தெரியவில்லை.

சுழற்சி என்று சொல்கிறார்களே, அதில் முதல் சுற்றின் வேலை பெரும்பாலும் கேள்வியே தப்பு என்று காட்டுவதுதான். ஒரு அறிவியல் ஆசிரியை வீட்டுப்பாடம் வராததை எடுத்துக்கொண்டார். பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை என்பது அவருடைய எண்ணம், அதனால் முதல் சுற்றில் நினைவூட்டல் அட்டவணை, நட்சத்திரம் எல்லாம் வைத்தார். அசையவில்லை. ஆனால் எந்த வீட்டுப்பாடம் வருகிறது, எது வரவில்லை என்று தேதிவாரியாகக் குறித்து வைத்திருந்தார், அதில் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. மறுநாள் வகுப்பில் அவர் பேசிய வீட்டுப்பாடங்கள் வந்தன, வாங்கி அடுக்கிவைத்த வகை வரவில்லை. இரண்டாவது சுற்றில் அவர் மாற்றியது தன்னைத்தான்: குறைவாகக் கொடுத்தார், முதல் கேள்வியை வகுப்பிலேயே தொடங்கவைத்தார், மறுநாள் பாடத்தை அதிலிருந்தே ஆரம்பித்தார். முதல் சுற்றோடு அறிக்கை எழுதியிருந்தால் நட்சத்திரங்களைப் பற்றி ஒரு பொய்க் கதை கிடைத்திருக்கும். ஆகவே இரண்டு சுற்றாவது ஓடட்டும். இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் இப்போதைய நிலையைப் பதிவு செய்வது, நான்கு வாரம் ஒரே ஒரு மாற்றம், பிறகு உட்கார்ந்து பார்ப்பது, அடுத்த மாற்றம். ஒரு பருவத்துக்கு இதுவே அதிகம்.

மாதிரி அளவைப் பற்றி: நீங்கள் யாருக்கும் பொதுவிதி சொல்லப் போவதில்லை, அதனால் மாதிரி என்ற சிக்கலே எழவில்லை. வகுப்பு முழுவதும்தான் உங்கள் களம். அதில் ஆறு பிள்ளைகளை மட்டும் நெருக்கமாகப் பாருங்கள்: நன்றாகப் படிப்பவர் இருவர், நடுவில் இருவர், வாயே திறக்காதவர் இருவர். அவர்களுடைய நோட்டுப் புத்தகம், பதிவில் அவர்கள் பேசியது, பாடம் முடிந்து போகும்போது துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்த இரண்டு வரி, இந்த மூன்றும் ஒரே திசையைக் காட்டினால் ஓரளவு நம்பலாம். முரண்பட்டால் அங்கேதான் விஷயம் இருக்கிறது, அதை மறைக்காதீர்கள். இரண்டு சராசரிகளுக்கு இடையிலான வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் டி-சோதனை போன்ற புள்ளியியல் இந்த அமைப்பில் எதையும் கூட்டாது. ஒப்பிட வேறு குழு இல்லாத 30 பேரின் முன்-பின் மதிப்பெண்ணில் அது "வித்தியாசம் இருக்கிறது" என்று சொல்லும், எதனால் என்று சொல்லாது. பட்டத்துக்காகச் செய்கிறீர்கள், வழிகாட்டி கேட்கிறார் என்றால் போட்டுக்கொடுங்கள், அது வேறு கதை. மற்றபடி எண்ணிக்கைகளும் ஒரு எளிய வரைபடமும் போதும். கூடவே இன்னொருவர் கண் வேண்டும், முடிந்தால் வேறு பாட ஆசிரியராக இருக்கட்டும். கணித ஆசிரியர் வகுப்பைத் தமிழ் ஆசிரியர் பார்த்தால் கணக்கைப் பார்க்க மாட்டார், பிள்ளைகளைப் பார்ப்பார்.

இனி உங்கள் நாற்காலிக்கு வருகிறேன். 1974இல் கிரிஸ் ஆர்கிரிஸும் டொனால்ட் ஷோனும் ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார்கள்: நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்று நாம் சொல்வதும், நம் நடத்தையை உண்மையில் ஓட்டுகிற விதியும் வேறுவேறு, அந்த இடைவெளி நமக்குத் தெரியாது, சுற்றி இருப்பவர்களுக்குத்தான் தெரியும். தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும், ஏனென்றால் சுற்றி இருப்பவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். ஆகவே உங்கள் முதல் ஆய்வுக்கு ஆசிரியர் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரிடமும் சொல்லி, சம்மதம் வாங்கி, இரண்டு கூட்டங்களைப் பதிவு செய்யுங்கள். யார் எத்தனை நிமிடம் பேசினார்கள், நீங்கள் கேட்ட கேள்விகளில் எத்தனைக்கு உங்களுக்கே விடை முன்பே தெரியும், ஒருவர் மாற்றுக் கருத்து சொன்னதும் உங்கள் அடுத்த வாக்கியம் என்ன, இவ்வளவுதான் எண்ண வேண்டும். "எல்லார் கருத்தையும் கேட்டுத்தான் முடிவெடுப்பேன்" என்று உறுதியாக நம்பும் தலைமை ஆசிரியர்கள் தங்கள் பதிவைக் கேட்டுவிட்டு வாயடைத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். பாதிக்கு மேல் அவர்கள் குரல்தான். மாற்றுக் கருத்துக்கு அவர்கள் கொடுத்த பதில் "நல்ல கருத்து, ஆனா..." என்று தொடங்கி, அந்தக் கருத்து அங்கேயே முடிந்துபோயிருக்கும்.

பிறகு ஒரு மாற்றம். வெறும் அறிவிப்பாக இருப்பதை எழுத்தில் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். கூட்டத்தை வகுப்பறை சார்ந்த ஒரே பிரச்சினையோடு தொடங்குங்கள். நீங்கள் கடைசியில் பேசுங்கள். ஆறு வாரம் கழித்துத் திரும்பப் பதிவு செய்து, இரண்டையும் ஆசிரியர்கள் முன்னால் வையுங்கள், எண்கள் மோசமாக இருந்தாலும். மோசமாக இருந்தால் இன்னும் நல்லது என்பேன். தலைவர் தன் குறையை எண்களோடு காட்டி "அடுத்து இதை முயலப்போகிறேன்" என்று சொன்ன பள்ளியில்தான் ஆசிரியர்கள் நிஜமான பிரச்சினையை ஆய்வுக்கு எடுக்கத் துணிகிறார்கள். அது நடக்காத இடத்தில் அட்டைதான், 42தான், 71தான்.

இதற்கு வெளி ஆதாரம் உண்டா என்றால், ஓரளவு. 2008இல் விவியன் ராபின்சனும் உடன் ஆய்வாளர்களும், பள்ளித் தலைமை மாணவர் கற்றலை எப்படிப் பாதிக்கிறது என்ற ஆய்வுகளைத் திரட்டி அலசினார்கள். அதில் ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவித்து, அதில் தானும் கலந்துகொள்ளும் தலைமைக்குத்தான் மிகப் பெரிய விளைவு, விளைவின் அளவைக் காட்டும் புள்ளியியல் எண்ணில் 0.84 என்று வந்தது. அந்த எண்ணைப் பயிற்சி வகுப்புகளில் வேதவாக்கு மாதிரி சொல்கிறார்கள், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த ஒரு பரிமாணத்துக்கு அடிப்படையாக இருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய ஆய்வுகள்தான், நல்ல பள்ளியில் அப்படிப்பட்ட தலைவர் இருப்பதும் அப்படிப்பட்ட தலைவரால் பள்ளி நல்லதாவதும் அவற்றில் எளிதாகப் பிரியாது. திசை சரி என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதே எச்சரிக்கை முழு விஷயத்துக்கும் பொருந்தும். தன் வகுப்பைப் பதிவு செய்து பார்க்கும் ஆசிரியர் தன் வேலையை வேறு மாதிரி பார்க்கத் தொடங்குகிறார் என்பதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன். காத்திருப்பு நேரம், பிள்ளையின் தவறிலிருந்து அடுத்த பாடத்தைத் திட்டமிடுவது மாதிரியான தனித்தனி நடைமுறைகளுக்குப் பின்னால் நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் பள்ளி முழுவதும் செயல் ஆராய்ச்சி செய்தால் பொதுத்தேர்வு மதிப்பெண் ஏறும் என்பதற்கான ஆதாரம் மெலிந்தது. பெரும்பகுதி பங்கேற்ற ஆசிரியர்களே எழுதிய அறிக்கைகள், விரும்பி முன்வந்த பள்ளிகள். மேலதிகாரி ஒரே ஆண்டில் தேர்ச்சி விகிதம் கேட்கிறார் என்றால், இதை அதற்கான கருவியாக வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

நடைமுறைக்கு: எல்லோரையும் ஒரே நாளில் தொடங்கச் சொல்லாதீர்கள். விருப்பமுள்ள மூன்று நான்கு பேர் போதும், மற்றவர்கள் இருவர் மூவராகச் சேர்ந்து ஒரே அறிக்கை தரலாமா என்று மேலே கேட்டுப் பாருங்கள், பல நேரம் அனுமதி கிடைக்கும். ஒருவர் வகுப்பை இன்னொருவர் பார்க்கும் இணைகளுக்கு வாரத்துக்கு ஒரு பாடவேளையாவது ஒதுக்குங்கள், அதற்காக ஏற்கெனவே இருக்கும் ஏதோ ஒரு பதிவேட்டையோ கூட்டத்தையோ வெட்டியாக வேண்டும். எதையும் வெட்ட முடியாது என்றால் இதைத் தொடங்காமலிருப்பதே நேர்மை. ஆய்வின் முடிவு எந்த ஆசிரியரின் மதிப்பீட்டிலும் சேராது என்று எழுத்தில் கொடுங்கள். வாய்மொழியை யாரும் நம்ப மாட்டார்கள், நீங்களும் ஆசிரியராக இருந்தபோது நம்பியிருக்க மாட்டீர்கள். உங்களைப் பற்றிப் பெயரில்லாத கருத்துச் சீட்டு வாங்கினால், பன்னிரண்டு பேர் உள்ள பள்ளியில் கையெழுத்தே பெயர்தான் என்பதை மறக்காதீர்கள். வேறு ஒருவர் வாங்கித் தட்டச்சு செய்து தொகுத்துத் தரட்டும்.

பிள்ளைகள் விஷயத்தில் ஒரு கோடு உண்டு. ஆசிரியர் கேட்டால் பிள்ளையால் மறுக்க முடியாது, அதனால் அவர்கள் சம்மதத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் பெற்றோரிடமும் சொல்லுங்கள். பதிவுகளை வேலை முடிந்ததும் அழியுங்கள், பணியறை வாட்ஸ்அப் குழுவில் போடவே போடாதீர்கள், அறிக்கையில் பெயர் வேண்டாம். நல்லது என்று நீங்களே நம்பும் ஒன்றை ஒப்பீட்டுக்காகப் பாதி வகுப்புக்கு மறுப்பதும் வேண்டாம். அதே சமயம், என்ன முயல்கிறீர்கள் என்று பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லிவிடலாம். காத்திருப்பு நேரத்தை ஆய்வு செய்த ஒரு ஆசிரியருடைய வகுப்பில் பிள்ளைகளே நொடி எண்ணத் தொடங்கிவிட்டார்கள், "சார் இன்னும் மூணு ஆகல" என்று. அளவீடு கெட்டதுதான், ஆனால் ஆசிரியரின் பழக்கம் அந்தப் பருவத்திலேயே மாறியது, நான் அதை வாங்கிக்கொள்வேன்.

அறிக்கைக்கு ஆசிரியருக்கு இரண்டு பக்கம் போதும் என்று சொல்லுங்கள். எதைப் பார்க்கத் தொடங்கினேன், பதிவில் என்ன தெரிந்தது, எதை மாற்றினேன், அதில் எது நடக்கவில்லை. நான்காவது பத்தி காலியாக வந்தால் திருப்பிக் கொடுங்கள். படிவத்தில் "கருதுகோள்" கட்டம் கட்டாயம் என்றால் அதில் தொடக்கக் கேள்வியை எழுதிவிடுங்கள், இதுவரை யாரும் அதற்காக அறிக்கையைத் திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை.